டான்டேயின் சிகையும் வாளும்

(அம்பத்தூரில் வாசகர் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம், இத்தகைய மேடைகளில் வழக்கமாகக் கேட்கக்கூடியதன்று. ஜப்பான் தேசத்தில் பிறந்து, உலகமெங்கும் அபிமானிகளைச் சம்பாதித்து, பின்னர் இங்கிலாந்து தேசத்துக் கலைஞர்களின் கையில் ஒப்படைக்கப்பட்டு, முகமும் முடியும் ஊரும் உறவும் மாற்றப்பட்டு, 2013ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 15ஆம் தேதி வெளிவந்து, அப்படி வெளிவருவதற்கு இரண்டு வருஷங்களுக்கு முன்பிருந்தே வசைமாரியில் நனைந்துகொண்டிருந்த ஒரு வீடியோ கேமைப் பற்றிப் பேசப்போகிறேன். அதன் பெயர் ‘டிஎம்சி: டெவில் மே க்ரை’.

விளையாட்டுச் சாமான் ஒன்றைப் பற்றி மண்டபத்தில் கூடிப் பேச வேண்டுமா என்று பெரியவர்கள் சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், அந்த விளையாட்டு எழுப்பிய பிரச்சினை கம்பனைப் படிப்பவர்களுக்கும் உண்டு. விடிய விடியக் கூத்துப் பார்ப்பவர்களுக்கும் உண்டு. பழைய படத்தைப் புதிதாக எடுத்தால் முதல் நாளே வரிசையில் நிற்பவர்களுக்கும் உண்டு. ஒரு கதாநாயகனை ஜனங்கள் தங்களவனாக ஆக்கிக்கொண்ட பிறகு, வேறொரு கலைஞன் வந்து அவனை மாற்றிச் சொல்லலாமா? சொல்லலாம் என்றால், எதை மாற்றலாம்? எதில் கை வைக்கலாகாது? இவற்றையே இன்று உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்.

முதலில் பழைய கதையைச் சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் ஒசாகா நகரத்தில் காப்காம் என்றொரு கம்பெனி இருக்கிறது. பிணங்கள் எழுந்து நடமாடும் ஒரு பயங்கர விளையாட்டுத் தொடரை நடத்திப் பேர் வாங்கிய கம்பெனி அது. அந்தத் தொடரின் நாலாவது பாகத்தைச் செய்யும்படி ஹிடெகி காமியா என்ற இளம் இயக்குநருக்கு உத்தரவாயிற்று. அவர் செய்துகொண்டு போன காரியமோ, பயந்து ஓடுகிற மனிதனைக் காட்டுவதற்குப் பதிலாக, பயத்தையே பார்த்துச் சிரிக்கிற வீரனைக் காட்டியது. இது நம் தொடருக்குப் பொருந்தாது என்று கண்ட மேலாளர்கள், அதைத் தூக்கி எறியாமல் தனிப் பெயர் வைத்துத் தனி விளையாட்டாகவே வெளியிட்டார்கள். 2001ஆம் ஆண்டு பிளேஸ்டேஷன் 2 என்ற கருவிக்காக வெளிவந்த ‘டெவில் மே க்ரை’ அதுதான். அதன் நாயகன் டான்டே. அசுரத் தந்தைக்கும் மானிடத் தாய்க்கும் பிறந்தவன். வெள்ளி நிறத் தலைமயிரும் செந்நிற அங்கியும் தரித்தவன். ஒரு கையில் பெரிய வாளும், இடுப்பில் இரண்டு துப்பாக்கிகளும் உடையவன்.

இத்தகைய வெட்டி வீழ்த்தும் விளையாட்டுகள் அதற்கு முன்பும் இருந்தன. இதில் என்ன விசேஷம்? அங்கேதான் சற்று நின்று கவனிக்க வேண்டும்.

எதிரியைக் கொன்றால் மட்டும் போதாது, அழகாகக் கொல்ல வேண்டும் என்று இந்த விளையாட்டு விதித்தது. வெட்டிய வெட்டையே திரும்பத் திரும்ப வெட்டினால் மதிப்பெண் ஏறாது. அடி வாங்கினால் மதிப்பெண் சரிந்து விழும். வாள், துப்பாக்கி, பாய்ச்சல், மறுபடி வாள் என்று ஒன்றோடொன்று ஒட்டாமலும் ஒன்றைவிட்டு ஒன்று அறுந்துபோகாமலும் தொடுத்துக்கொண்டே போனால், திரையின் ஓரத்தில் டி, சி, பி, ஏ என்று ஏறும் தர எழுத்து, கடைசியில் எஸ் என்னும் சிகரத்தைத் தொடும். எதிரி செத்தானா என்பதோடு, எப்படிச் சாகடித்தாய் என்பதையும் கணக்குப் பார்க்கிற விளையாட்டு! இதைக் கேட்டவுடன், சிலம்பம் சுற்றுகிற ஆசான் எவரும் புன்னகை செய்யாமல் இருக்க முடியுமா?

அந்த அழகுக்கு மூலம் எது தெரியுமா? அதே கம்பெனியார் செய்துகொண்டிருந்த ‘ஒனிமுஷா’ என்ற வேறொரு விளையாட்டைச் சோதித்துப் பார்த்தபோது, வெட்டுப்பட்ட எதிரி தரையில் விழாமல், வெட்ட வெட்ட அந்தரத்திலேயே தங்கிவிடுகிற ஒரு பிழையைக் காமியா கண்டார். மற்றவர்களுக்குத் திருத்த வேண்டிய குற்றமாகத் தெரிந்தது, அவர் கண்ணுக்கு ஒரு கலையின் வித்தாகத் தெரிந்தது. எதிரியைக் கீழிருந்து மேல்நோக்கி வாரி எறிந்து, அவன் மண்ணைத் தொடுவதற்குள் துப்பாக்கிக் குண்டுகளாலேயே தாங்கி நிறுத்தி, தானும் எழும்பி வெட்டி இறக்குகிற லாகவம் அங்கிருந்து பிறந்ததுதான்.

2003ஆம் ஆண்டு வந்த இரண்டாம் பாகம் அபிமானிகளை ஏமாற்றியது. 2005ஆம் ஆண்டு ஹிடெயாகி இட்சுனோ இயக்கிய மூன்றாம் பாகம், டான்டேக்கும் அவன் இரட்டைச் சகோதரன் வெர்ஜிலுக்கும் நடக்கும் போராட்டத்தைச் சொல்லி, இழந்த பெருமையை வட்டியோடு மீட்டது. நாலாம் பாகம் 2008இல் வந்தது. நம் அம்பத்தூர் ஓ.டி.யிலும் ஆவடி மார்க்கெட் பக்கத்திலும் பிரவுசிங் சென்டர்களில் மணிக் கணக்குக்குக் காசு கொடுத்து, பள்ளிக்கூடப் பையைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு விளையாடிய பிள்ளைகளில் பலர், இந்த நாலாம் பாகத்தின் வழியாகவே டான்டேயை அறிந்தார்கள். அந்தப் பிள்ளைகளில் சிலர் இன்று இந்த மண்டபத்தில், தம் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருப்பதைக் காண்கிறேன்.

இப்போது 2010ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்துக்கு வாருங்கள். டோக்கியோ நகரத்து விளையாட்டுக் கண்காட்சியில் காப்காம் ஒரு முன்னோட்டத்தைத் திரையிட்டது. அதில் வந்த டான்டேக்கு வெள்ளி முடி இல்லை. குட்டையாகக் கத்தரித்த கறுப்பு முடி. செந்நிற அங்கியின் கம்பீரம் இல்லை. மெலிந்த தேகம், அழுக்குப் படிந்த சட்டை, வாயில் புகைகிற சிகரெட்டு. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரத்திலுள்ள நிஞ்ஜா தியரி என்ற சிறு கூட்டத்தார் இதனைச் செய்கிறார்கள் என்று அறிவித்தார்கள்.

அன்று கிளம்பிய கோபத்தை என்னென்று சொல்வது? ‘எங்கள் டான்டே எங்கே?’ என்று ஜப்பானில் கேட்டார்கள், அமெரிக்காவில் கேட்டார்கள், இந்தியாவில் கேட்டார்கள். ஒரு பொம்மை வீரனின் தலைமயிருக்காக உலகம் இரண்டு பட்டது. இதைச் சிறுபிள்ளைத்தனம் என்று நான் தள்ள மாட்டேன். பத்து வருஷ காலம் ஒருவன் டான்டேயைத் தன் விரல்களால் இயக்கி, அவன் விழும்போது தானும் விழுந்து, அவன் வெல்லும்போது தானும் வென்று, அவனோடு சேர்ந்து வளர்ந்திருக்கிறான் என்றால், அந்த அபிமானம் மரியாதைக்குரியது. ஆனால் மரியாதைக்குரிய அபிமானமும் குறி தவறிப் பாயலாம். இங்கே குறி தவறித்தான் பாய்ந்தது என்பது என் தீர்மானமான அபிப்பிராயம்.

ஏன்? முகத்தை மாற்றுவது அக்கிரமமானால், முதல் குற்றவாளி கம்ப நாடன் அல்லவா? வான்மீகியின் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்கிச் செல்கிறான். கம்பனோ, பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்து எடுத்துச் சென்றான் என்று கதையை மாற்றினான். கதையின் முதுகெலும்பான ஒரு சம்பவத்தில் கை வைத்தான். தமிழ்நாடு அவனைத் தள்ளி வைத்ததா? தலையில் வைத்துக் கூத்தாடிற்று. கூத்தாடியதற்குக் காரணமும் உண்டு. இராமாயணத்துக்குள் எந்தத் தர்மம் நரம்பாக ஓடுகிறதோ, அந்தத் தர்மத்துக்கும் தன் காலத்து ஜனங்களின் மனசாட்சிக்கும் இணக்கம் ஏற்படுத்தவே அவன் சம்பவத்தை மாற்றினான்.

அதே இராமாயணத்தில் நம் காலத்துப் புதுமைப்பித்தன் கை வைத்தார். 1943ஆம் ஆண்டு வெளிவந்த ‘சாப விமோசனம்’ என்ற கதையில், இராமனுடைய பாத தூளியால் கல்லிலிருந்து பெண்ணான அகலிகை, அதே இராமன் சீதையை அக்கினிப் பிரவேசம் செய்யச் சொன்னான் என்று கேள்விப்பட்டு, மறுபடியும் கல்லாகிவிடுகிறாள். எத்தனை துணிச்சல்! பக்தர்கள் மனம் புண்படும் என்று தெரிந்தே எழுதினார். புண்பட்டும் இருக்கிறது. ஆயினும் எண்பது வருஷங்களுக்குப் பிறகும் அந்தக் கதையை நாம் படித்துக்கொண்டிருக்கிறோம். அகலிகையின் பெயரை வைத்துக்கொண்டு வேறொரு கதையை அவர் விற்கவில்லை. அகலிகைக்கு நேர்ந்த அநீதியின் வேரைப் பிடித்துக்கொண்டே இறுதிவரை போனார்.

சினிமாவிலும் பாருங்கள். 1978இல் ஹிந்தியில் ‘டான்’, 1980இல் தமிழில் ரஜினிகாந்த் நடித்த ‘பில்லா’, 2007இல் விஷ்ணுவர்தன் இயக்கி அஜித் குமார் நடித்த ‘பில்லா’. பழைய பில்லாவின் துள்ளலும் வேகப் பேச்சும் புதிய பில்லாவில் இல்லை. அவன் மெதுவாக நடக்கிறான், குறைவாகப் பேசுகிறான், மலேசியாவின் கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவே கறுப்புக் கோட்டும் கறுப்புக் கண்ணாடியுமாக நிற்கிறான். முற்றிலும் வேறான உருவம். ஆனால், தீயவனைப் போலவே இருக்கும் நல்லவன் அவன் இடத்தில் போய் அமர்ந்து, எந்த நிமிஷம் பிடிபடுவானோ என்று நம்மைத் துடிக்க வைக்கும் அந்த உள்யந்திரத்தை அவர்கள் மாற்றவில்லை. ஜனங்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

ஆகவே, உருவத்தை மாற்றலாம். இது நம் நாட்டுச் சம்பிரதாயத்துக்கு விரோதமன்று. நம் நாட்டுச் சம்பிரதாயமே இதுதான். அப்படியானால் மாற்றலாகாதது எது?

அதற்கு நான் உங்களைத் திருவள்ளூர்ப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில் ஒன்றுக்கு அழைத்துச் செல்கிறேன். பாரதப் பிரசங்கம் நடந்து, இரவுகளில் கூத்து நடந்து, படுகளமும் தீமிதியும் நடந்து முடிகிற திருவிழா. துரியோதனன் வேஷக்காரர் திரைக்குப் பின்னால் நிற்கிறார். இருவர் திரையைப் பிடித்திருக்கிறார்கள். கிரீடத்தின் உச்சி மட்டும் திரைக்கு மேலே அசைகிறது. உள்ளேயிருந்து அவர் பாடுகிறார், பின்பாட்டுக்காரர் வாங்கிப் பாடுகிறார், மிருதங்கம் ஏறுகிறது, சலங்கைக் கால் திரைக்கடியில் தெரிகிறது. திரை விலகியதும் ஒரு சுழற்சி, இன்னொரு சுழற்சி, மரக்கட்டைப் புஜகீர்த்திகளும் பாவாடை விரிப்பும் காற்றில் பறக்க அரங்கை ஒரு சுற்றுச் சுற்றி வந்து நிற்கிறார். அந்தக் கால் மிருதங்கத்தின் கடைசி அடியோடு சேர்ந்து விழுந்ததா இல்லையா என்பதை, முன்வரிசையில் போர்வை போர்த்தி உட்கார்ந்திருக்கும் கிழவர் கவனித்துக்கொண்டிருக்கிறார். வடக்கத்திப் பாணிக்கும் தெற்கத்திப் பாணிக்கும் ஒப்பனையிலும் பாட்டிலும் வேற்றுமை உண்டு. அதை அவர் மன்னிப்பார். கட்டியங்காரன் கதைக்கு நடுவே ஊர் விவகாரத்தைப் பேசுவான், அதை ரசிப்பார். அடவு தப்பினால் மட்டும் மன்னிக்க மாட்டார்.

வாள் வீச்சை நாயகமாகக் கொண்ட விளையாட்டுக்கும் மாற்றலாகாதது அந்த அடவுதான். இந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு, கருஞ்சிகை டான்டேயிடம் திரும்பிச் செல்வோம்.

நிஞ்ஜா தியரியார் கதையை மறுபடி சொல்வதில் அனுபவம் உள்ளவர்கள். சீன தேசத்தின் பழம்பெரும் நாவலான ‘மேற்கு நோக்கிய யாத்திரை’யை எடுத்து, குரங்கு வீரனை அழிந்துபோன எதிர்கால அமெரிக்காவில் உலவவிட்டு, ‘என்ஸ்லேவ்டு’ என்ற விளையாட்டாக 2010இல் தந்தவர்கள். டான்டேக்கும் முதலில் பழைய சாயலிலேயே உருவம் வரைந்தார்கள் என்றும், இன்னும் துணிந்து மாற்றுங்கள் என்று காப்காமே தூண்டியது என்றும் அவர்களுடைய படைப்புத் தலைவர் டமீம் ஆன்டோனியாடிஸ் சொல்லியிருக்கிறார். உலகம் கேம்பிரிட்ஜ்காரர்களைத் திட்டிக்கொண்டிருந்தது. உத்தரவு ஒசாகாவிலிருந்து போயிருந்தது!

அந்தத் துணிவு எதைச் சாதித்தது? ஒரு நகரத்தைச் சாதித்தது. லிம்போ சிட்டி என்ற அந்த நகரத்தைப் போல இன்னொன்றை வெட்டி வீழ்த்தும் விளையாட்டுகளில் நான் கண்டதில்லை.

பழைய கதையில் முன்டஸ் என்ற அசுர ராஜன் எங்கோ ஒரு தீவிலுள்ள கோட்டை வழியாக மனித உலகுக்குத் திரும்பி வரப் பார்ப்பான். புதிய கதையில் அவன் எங்கே இருக்கிறான்? கோட்டும் சூட்டும் அணிந்து, கைல் ரைடர் என்ற பெயரோடு, ஒரு வானளாவிய கட்டடத்தின் உச்சியில் முதலீட்டு வங்கி நடத்துகிறான். தேசங்களைக் கடனால் கட்டி ஆளுகிறான். ஜனங்கள் யோசிக்காமல் இருக்க அவர்களுக்கு ஒரு குளிர்பானம். ஜனங்கள் உண்மையை அறியாமல் இருக்க அவர்களுக்கு ஒரு செய்திச் சேனல். தெருமுனைக் காமிராக்களே அசுரனின் கண்கள். 2008ஆம் ஆண்டு வங்கிகள் சரிந்து, உலகெங்கும் வேலை போய், வீடு போய் நின்ற ஜனங்களின் நினைவு ஆறுவதற்குள் வந்த கதை இது. தூரத்துத் தீவின் அசுரனை, மாதத் தவணை கட்டுகிற மனிதனின் தெருவுக்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள். இதைவிடச் சிறந்த மறுபடைப்பு நியாயம் வேறென்ன வேண்டும்?

டான்டே அந்த நகரத்தில் நடந்துகொண்டிருப்பான். ஒரு காமிராவின் பார்வை அவன் மீது படும். உடனே நிறங்கள் திரியும். ஜனங்கள் நிழல்களாக மங்குவார்கள். வீதி இரண்டாகப் பிளக்கும். இருபுறத்துக் கட்டடங்கள் அவனை நசுக்க நெருங்கி வரும். அவனைக் கொல்லும்படியான உத்தரவு சுவர்களின் மீது பெரும்பெரும் எழுத்துகளாக ஊறி வெளிப்படும். நகரமே பகைவன்! செய்திச் சேனலின் கோபுரம் தண்ணீரில் தெரியும் பிம்பத்துக்குள் அவன் இறங்கினால், அங்கே ரயிலும் தண்டவாளமும் சிறைச்சாலையும் தலைகீழாகத் தொங்கும். இரவு விடுதி ஒன்றில் தரை முழுவதும் சங்கீதத்தின் ஏற்ற இறக்கத்துக்கேற்ப எழும்பி விழும். பழைய பாகங்களின் கோட்டைகளையும் மண்டபங்களையும் நான் குறைத்துப் பேசவில்லை. ஆயினும், கதை சொல்லும் பொருளையே இடமாகக் கட்டி, அந்த இடத்தையே எதிரியாக எழுப்பிய சாமர்த்தியம் இந்த விளையாட்டுக்கே உரியது.

பிறப்பையும் மாற்றினார்கள். தாய் மானிடப் பெண் என்றிருந்ததை, தேவதை என்று ஆக்கினார்கள். அதனால் டான்டேயின் உடம்பில் தேவ அம்சமும் அசுர அம்சமும் சேர்ந்தன. அந்த இரண்டு அம்சங்களும் விளையாடுகிறவனின் இரண்டு ஆள்காட்டி விரல்களுக்கு வந்து சேர்ந்தன. கன்ட்ரோலரின் இடப்புறப் பின்விசையை அழுத்திப் பிடித்தால், வாள் நீல ஒளி வீசும் நீண்ட அரிவாளாக மாறிச் சுழன்று பல பேரை மெல்லத் தொடும். வலப்புறப் பின்விசையை அழுத்தினால், அதே வாள் செந்தணல் போன்ற கோடரியாகி ஓங்கி விழும். இடப்புற விசையோடு சங்கிலியை வீசினால் டான்டே எதிரியிடம் பறந்து செல்வான். வலப்புற விசையோடு வீசினால் எதிரி டான்டேயிடம் இழுபட்டு வருவான். கதையில் சொன்ன பிறப்பு இரகசியம் கை விரல்களில் தெரிகிறது! கதையும் ஆட்டமும் இப்படி ஒன்றுகலப்பது அபூர்வம் என்பதை விளையாடியவர்கள் அறிவார்கள்.

இத்தனை சிறப்பும் சொன்ன நான், குறையைச் சொல்லாமல் போனால் உங்களுக்குத் துரோகம் செய்தவனாவேன். முன்வரிசைக் கிழவரின் கண்ணோடு பார்ப்போம். அடவு சரியாக விழுந்ததா?

பழைய பாகங்கள் ஒரு விநாடிக்கு 60 சித்திரங்களை ஓட்டின. 2013இல் பிளேஸ்டேஷன் 3க்கும் எக்ஸ்பாக்ஸ் 360க்கும் வந்த புதிய விளையாட்டு, விநாடிக்கு 30 சித்திரங்களையே ஓட்டியது. பார்க்கிறவனுக்கு இது பெரிய பேதமாகத் தோன்றாது. எதிரியின் வாள் இறங்குகிற அந்தக் கண்ணிமைப் பொழுதில் பட்டனை அழுத்த வேண்டியவனுக்கோ, இது மிருதங்கம் அரை அடி பிந்தி விழுவதற்குச் சமானம். அந்த அழகான நகரத்தைக் கட்டிய செலவை வாள் கொடுத்தது. கம்ப்யூட்டரில் விளையாடியவர்களுக்கு மட்டும் இந்தக் குறை இல்லை.

அது மட்டுமா? ஓர் எதிரியைக் குறி பிடித்து, அவனை விட்டுக் கண் விலகாமல் பொருதுவதற்குப் பழைய பாகங்களில் இருந்த விசையை எடுத்துவிட்டார்கள். நீல எதிரியை நீல ஆயுதத்தாலும் சிவப்பு எதிரியைச் சிவப்பு ஆயுதத்தாலுமே வெட்ட வேண்டும் என்று விதி செய்தார்கள். இதனால், எந்த ஆயுதத்தையும் எந்த ஆயுதத்தோடும் தொடுக்கலாம் என்ற ஸ்வாதந்திரியம், இந்தத் தொடரின் பிராணனாக இருந்த அந்த ஸ்வாதந்திரியம், வேண்டிய நேரத்தில் கைவிட்டுப் போயிற்று. தர எழுத்தும் தாராளமாக ஏறியது. ஒரு வருஷம் பழகி எட்ட வேண்டிய சிகரத்தைப் புதியவன் ஒரு மாலைப் பொழுதில் எட்டினான். சிகரத்தைத் தாழ்த்திவிட்டு ஏறியவனைப் பாராட்டுவதால் யாருக்கு லாபம்?

நான் குறி தவறியது என்று சொன்னது இதைத்தான். கோபப்பட்டவர்களில் பெரும்பாலோர் சிகையைப் பற்றிக் கோபப்பட்டார்கள். கோபப்பட வேண்டியது வாளைப் பற்றி. படைத்தவர்களும் அந்தச் சிகை விவகாரத்திலேயே சிக்கினார்கள். விளையாட்டின் ஆரம்பத்தில், வெள்ளைச் சடைபோன்ற ஒன்று டான்டேயின் தலையில் வந்து விழ, அவன் கண்ணாடியில் பார்த்து இகழ்ச்சியாகப் பேசி அதைத் தள்ளிவிடும் காட்சி ஒன்று வைத்தார்கள். அது கூடாத காரியம். புதியதைச் செய்ய வந்தவன், பழையதை நேசித்தவனின் முகத்துக்கு நேரே அதை எள்ளி நகையாடுவது கலைஞனுக்கு அழகன்று. கம்பன் வான்மீகியை வணங்கிவிட்டுத்தான் மாற்றினான்.

முடிவு என்ன ஆயிற்று? விமரிசகர்கள் நன்றாகவே பாராட்டினார்கள். விற்பனை எதிர்பார்த்தபடி ஓடவில்லை. 20 லட்சம் பிரதிகள் என்று கணக்கிட்டிருந்த காப்காம், சில வாரங்களிலேயே அதை 12 லட்சமாகக் குறைத்துக்கொண்டது. இரண்டாம் பாகம் வரவே இல்லை.

ஆனால், ஒன்று நடந்தது. அதுதான் எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயம். 2015ஆம் ஆண்டு மார்ச் மாதம் இதே விளையாட்டைத் திருத்திய பதிப்பாகப் புதிய கருவிகளுக்கு வெளியிட்டார்கள். 60 சித்திரங்கள் வந்தன. குறி பிடிக்கும் விசை வந்தது. நிற விதியின் கடுமை தளர்ந்தது. சிகரத்தை மறுபடி உயர்த்தும் கடின முறை ஒன்று சேர்ந்தது. இன்னும் விரைவு வேண்டுவோருக்கு வேகமுறை ஒன்றும் சேர்ந்தது. டான்டேயின் சிகை? கறுப்பாகவே இருந்தது! வாளைச் சீர்திருத்தினார்கள், முகத்தைத் தொடவில்லை. அந்தத் திருத்திய பதிப்பை விளையாடிய பழைய அபிமானிகள் பலர், முன்பு திட்டியது அவசரம் என்று மனம் மாறினார்கள்.

பின்னர் 2018ஆம் வருஷம் ஜூன் மாதம், லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் மைக்ரோசாப்ட் நடத்திய ஒரே மேடையில் இரண்டு அறிவிப்புகள் வந்தன. நிஞ்ஜா தியரியை மைக்ரோசாப்ட் வாங்குகிறது என்பது ஒன்று. பழைய வழியில், இட்சுனோவின் இயக்கத்தில் ‘டெவில் மே க்ரை’ ஐந்தாம் பாகம் வருகிறது என்பது மற்றொன்று. அது 2019 மார்ச் 8ஆம் தேதி வெளியாகி மகத்தான வெற்றி பெற்றது. கேம்பிரிட்ஜ்காரர்கள் செய்த விளையாட்டை மேற்பார்வை செய்தவரும் அதே இட்சுனோதான் என்பதை மறவாதீர்கள். மூத்தவளும் இளையவளும் ஒரு வீட்டுப் பெண்களே.

நண்பர்களே, ஓரிடத்துச் சிந்தனையை இன்னோரிடத்துக் கைகள் உருவாக்குவது நம் ஊருக்குப் புதிதா? 1949ஆம் ஆண்டு இங்கிலாந்துக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து, இதே அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் தொழிற்சாலையைத் தொடங்கினார்கள். இங்கிலாந்தின் விக்கர்ஸ் கம்பெனி வகுத்த வடிவத்தை எடுத்து, ஆவடி டாங்க் தொழிற்சாலை 1965 முதல் விஜயந்தா டாங்குகளைச் செய்தது. வேறொருவர் வரைந்த வடிவத்தில் திருகாணி ஒன்று தளர்ந்தாலும் எந்திரம் நிற்கும் என்பதை நம் தந்தையர் கையெல்லாம் எண்ணெய்க் கறையோடு கற்றார்கள். அந்தத் தந்தையரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமான நீங்கள் இன்று இதே அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் ஐ.டி. கட்டடங்களில் கம்ப்யூட்டரின் முன் அமர்ந்திருக்கிறீர்கள். அந்தக் கைத்திறன் உங்களுக்கும் உண்டு. அதை நம் கதைக்கும் ஒரு நாள் செலவிட மாட்டீர்களா?

அபிமன்யு இருக்கிறான், அரவான் இருக்கிறான், மதுரைவீரன் இருக்கிறான். சக்கரவியூகத்துக்குள் நுழையத் தெரிந்து வெளிவரத் தெரியாத சிறுவனைவிட, வெட்டி வீழ்த்தும் விளையாட்டுக்குப் பொருத்தமான நாயகன் உலகத்தில் எங்கே கிடைப்பான்? அவனுக்குக் கிரீடம் வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள். குருக்ஷேத்திரத்தை நம் நெடுஞ்சாலைக்குக் கொண்டுவர வேண்டுமானால் கொண்டுவாருங்கள். யாராவது சிகையைப் பற்றிக் கூச்சலிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் நேசிப்பதால் கூச்சலிடுகிறார்கள்.

ஆனால் ஒரு வேலையை முதலில் செய்யுங்கள். நிஞ்ஜா தியரியார் நடிகர்களை அழைத்து, அவர்கள் உடம்பின் அசைவுகளைக் காமிராவில் பதிவுசெய்து, அதிலிருந்தே பாத்திரங்களை உருவாக்கினார்கள். நமக்கு அந்த ஆசான்கள் பக்கத்துக் கிராமங்களிலேயே இருக்கிறார்கள். அடுத்த திருவிழாவில் பாரதக் கூத்து நடக்கும்போது முன்வரிசையில் போய் அமருங்கள். விடியும் வரை இருங்கள். கூத்து முடிந்து, ஒப்பனை கலைத்த பிறகு கலைஞர்களிடம் பணிவாகக் கேட்டு, உரிய சன்மானம் கொடுத்து, அவர்கள் சுழற்சியையும் பாய்ச்சலையும் ஒவ்வொரு அடவாகப் பதிவுசெய்து வாருங்கள். இந்த முயற்சிக்கு முன்வருகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் இங்கேயே என்னைச் சந்தித்துப் பெயரைக் கொடுத்துவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன்.